இழுவைக்கு ஒரு வண்டி

செப்டம்பர் 4, புதன்

புது பிக்கப் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். பழையது போலீஸ் ஸ்டேஷன் சுவரோரம் நிற்கிறது. முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி போய், உள்ளே மழைத் தண்ணீர். அது திரும்பி வந்தாலும் நான் ஓட்டப் போவதில்லை. ஜெனரேட்டர் டிராலியை மட்டும் போன வாரம் விடுவித்தார்கள். லாரிக்காரர் ஒருவர் ஏற்றி வந்து ஷெட்டில் இறக்கினார்.

இருபத்தாறு வருடமாக டைரி எழுதுகிறேன். எந்த ஜெனரேட்டர் எந்த ஊருக்குப் போனது, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது. ஒரு மாதமாக எழுத எதுவும் இல்லை. சேந்தமங்கலத்தில் ஆவணி முகூர்த்தம் எல்லாம் வேறு ஆட்களின் ஜெனரேட்டரில் நடக்கிறது.

நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். ஆகஸ்ட் 4, ஞாயிறு மதியம். கொல்லிமலையில் ஒரு கோயில் பண்டிகை முடிந்து, என் டிரைவர் செங்கோடன் பெரிய ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு இறங்கினான். முப்பத்து மூன்றாவது வளைவில் டிராலியின் கொக்கி விட்டுப் போனது. டிராலி தனியாக ஓடி, எதிரே மொபெட்டில் ஏறி வந்த தபால்காரர் காத்தவராயன் மேல் மோதியது. கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அங்கேயே முடிந்துவிட்டது. பிக்கப் சுவரில் இடித்து செங்கோடனுக்கு வலது தோள் முறிந்தது.

போலீஸ் என்னைக் கேட்டார்கள். கிளம்பும் முன் மேலிருந்து செங்கோடன் போன் செய்தான், வேலை முடிந்தது, வருகிறேன் என்றான் என்று சொன்னேன். இறக்கத்தில் கொஞ்சம் வேகமாக வருவான் என்றும் சொன்னேன். எந்த டிரைவரைப் பற்றிக் கேட்டாலும் எந்த முதலாளியும் அதைத்தான் சொல்வான்.

டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

நாமக்கல்லில் இரண்டு ஷோரூம் பார்த்தேன். முதல் இடத்தில் எல்லா வண்டியும் மலையையே இழுக்கும் என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"டிராலி வெயிட் எவ்ளோ சார்?"

"ஆயிரத்து அறுநூறு கிலோ."

"எல்லாம் சேர்த்தா?"

"ஆமா."

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "அப்ப நீங்க வச்சிருந்த சைஸே போதும் சார், அதுக்கு மேல வேண்டியதில்ல" என்றாள். அதே மாதிரி வண்டிதான். வெள்ளை நிறம்கூட அதே வெள்ளை. உள்ளே உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள். உட்காரவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

மழை. மனைவி கோகிலாவுக்குத் தைராய்டு மாத்திரை வாங்கினேன். ஷெட் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

டிராலியை டிராக்டரில் கட்டி எடை மேடைக்குக் கொண்டுபோனேன். வாங்கிய நாளிலிருந்து இதை எடை போட்டதில்லை. ஆயிரத்து அறுநூறு என்பது ஜெனரேட்டரின் தகட்டில் அடித்திருக்கும் எண். டிராலியின் இரும்பு, மேலே மூடிய கூண்டு, இரண்டு கேபிள் உருளை, டூல் பாக்ஸ், டேங்க் நிறைய டீசல், இவற்றை யாரும் கூட்டியதில்லை.

2,340.

சீட்டைக் கொடுத்த அம்மாள், "இதுதானுங்களா அந்த மலை டிராலி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த லாரிக்குக் கை காட்டினாள்.

போலீஸிடம் ஆயிரத்து அறுநூறு என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தகட்டில் அப்படித்தான் இருக்கிறது. அது பொய் இல்லை.

பழைய பிக்கப்பின் சொந்த எடை ஆயிரத்து முந்நூறுக்குக் கொஞ்சம் கீழே. இன்றைக்குத்தான் அதன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 14, சனி

டிராலி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். கம்ப்ரஸர், ஜெனரேட்டர், படகு என்று சக்கரத்தில் இழுக்கிற எல்லாவற்றுக்கும் அடிச்சட்டம் கட்டுகிறவர். எந்த வண்டி நன்றாக இழுக்கும் என்று கேட்டேன்.

"இழுக்கறதப் பத்தி ஏனுங்க கேக்கறீங்க? எருமை கூட இழுக்கும். நிறுத்தறத கேளுங்க" என்றார்.

சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே எழுதினார். இழுக்கிற வண்டி, இழுபடுகிற டிராலியைவிட லேசாக இருக்கவே கூடாது. இருந்தால் மேட்டில் வண்டி டிராலியை இழுக்கும், பள்ளத்தில் டிராலி வண்டியைத் தள்ளும். கொக்கி மேல் டிராலியின் எடையில் பத்தில் ஒரு பங்கு உட்கார வேண்டும். குறைந்தால் டிராலி வாலாட்டும், கூடினால் பிக்கப்பின் முன்சக்கரம் ரோட்டை விடும். டிராலிக்குத் தனியாக பிரேக் வேண்டும். கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலி, குறுக்கும் நெடுக்குமாக. கொக்கி கழன்றாலும் டிராலியின் மூக்கு அந்தச் சங்கிலியில் விழுந்து கூடவே வரும்.

"உங்களுதுல சங்கிலி இருந்துச்சுங்களா?"

"ஒண்ணு இருந்துச்சு. சின்ன டிராலிக்கு எடுத்து மாட்டினோம்."

"எப்ப?"

"போன வருசம்."

பழைய கொக்கியைப் பார்க்கணும் என்றார். டிராலியை டிராக்டரில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன்; அதில் இன்னும் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே குனிந்து, பூட்டும் ஆணி நுழையும் ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றினார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தது.

"இது ஒரே நாள்ல ஆன தேய்மானம் இல்லீங்க. வருசக் கணக்கா அடிச்சு அடிச்சுப் பெருசாகியிருக்குது. டிரைவர் ஒண்ணும் சொல்லலீங்களா?"

சொன்ன ஞாபகம் இல்லை என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். ஒருமுறை ஏதோ சொன்னான் போலிருக்கிறது. எப்போது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

செங்கோடனைப் பார்க்கப் பேளுக்குறிச்சி போனேன். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டேன். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு, உக்காரு."

"லைசென்ஸ வாங்கி வச்சுக்கிட்டாங்க மொதலாளி" என்றான். பதினொரு வருடம் என் வண்டியை ஓட்டியவன். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவன் மனைவி சரசு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

புது வண்டி பார்க்கிறேன் என்றேன். எது எடுக்கலாம் என்று அவனிடமே கேட்டேன். எப்போதும் டயர் வாங்குவதென்றாலும் அவனைத்தான் கேட்பேன்.

ஆரஞ்சுப் பையை ஓரமாக நகர்த்தினான். பிறகு, "பின்னாடி பட்டை ஸ்பிரிங் எத்தனைன்னு பாருங்க. டிராலிய மாட்டுனா வால் தொங்கி மூக்கு தூக்கக் கூடாது. தூக்குச்சுன்னா ஸ்டேரிங் லேசாயிருமுங்க. பள்ளத்துல ரெண்டாவது கியர்லயே வண்டி நிக்கோணும். காலு பிரேக்குக்குப் போகவே கூடாது" என்றான். சொல்லச் சொல்ல அவனுடைய நல்ல கை கியரைப் பிடிப்பது போல அசைந்தது. "பழசு நிக்காதுங்க. ரெண்டாவதுல போட்டாலும் தள்ளிக்கிட்டே வரும். உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கனே."

"டீ ஆறுதுங்க" என்றாள் சரசு.

காத்தவராயன் வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டான். வக்கீல் இப்போது போக வேண்டாம் என்றார் என்று சொன்னேன்.

"இவ போனா. ரெண்டு பஸ் மாறி மலைக்குப் போனா. அவரு சம்சாரம் இவளப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிருச்சாமா."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். சரசு என்னிடம் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ.

அக்டோபர் 1, செவ்வாய்

பழைய பிக்கப்புக்கு டயர் மாற்றிய தேதி வக்கீலுக்குத் தேவைப்பட்டது. இந்த டைரியின் முன்பக்கங்களைப் புரட்டினேன். டயர் மாற்றியது பிப்ரவரி 20. தேடியது கிடைத்துவிட்டது. ஆனாலும் மேலே புரட்டிக்கொண்டே போனேன்.

மார்ச் 14: "பெரிய செட் திருச்செங்கோடு. 9 மணி நேரம். டீசல் 80. கொக்கி ஓட்டை பெரிதாகிவிட்டது என்கிறான் செங்கோடன். பங்குனி முகூர்த்தம் முடியட்டும்."

மே 27: "செங்கோடன் மறுபடி கொக்கி. வைகாசி முடியட்டும்."

ஜூலை 9: "கொக்கிக்கு வெல்டிங் வைக்க வேண்டும். மலைக்குப் போய் வந்ததும் பார்க்கலாம்."

எல்லாம் என் கையெழுத்து. ஜூலைக்கு மேல் படிக்கவில்லை. டயர் தேதியைத் தாளில் எழுதி வக்கீலுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

வண்டி பற்றித் தீர்மானமாகிவிட்டது. சொந்த எடையே இரண்டு டன்னை நெருங்குகிற பெரிய பிக்கப். பின்னால் இருக்கைகள் உண்டு. ஆனாலும் என் டிராலி அதைவிடக் கனம். ஆரோக்கியம் சொன்னபடி கேபிள் உருளைகளையும் டூல் பாக்ஸையும் டிராலியிலிருந்து இறக்கி பிக்கப்பின் தொட்டியில் ஏற்றிவிட வேண்டியது. டேங்கில் பாதி டீசல் மட்டும். அப்போது டிராலி 1,900-க்குள் வருகிறது. ஜெனரேட்டரை அடிச்சட்டத்தில் அரை அடி முன்னால் நகர்த்தச் சொன்னார். நகர்த்தியாகிவிட்டது. கொக்கி புதிது, சங்கிலி இரண்டு, டிராலிக்குத் தனி பிரேக்.

அக்டோபர் 9, புதன்

இன்று ஓட்டிப் பார்த்தோம். டிராலியை மாட்டித்தான் ஓட்டுவேன் என்றதற்கு ஷோரூம் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் வண்டி வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். பிறகு கூடவே அவரும் வந்தார்.

மலை அடிவாரச் சரிவில் இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்தேன். வண்டி முனகிக்கொண்டு அப்படியே நின்று இறங்கியது. பின்னாலிருந்து எதுவும் தள்ளவில்லை. செங்கோடன் சொன்னது போல மூக்கும் தூக்கவில்லை. நடுச்சரிவில் பிரேக்கை மிதித்தேன். முதலில் டிராலி பிடித்தது, பிறகு வண்டி. ஒரு கோடு போட்டாற்போல நேராக நின்றது.

கடைசியாகப் பட்டறைத் திடலில் ஆரோக்கியம் ஒன்று செய்து காட்டினார். டிராலியின் பிரேக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வந்து பிக்கப்பில் மாட்டியிருக்கிறது. கொக்கியும் போய்ச் சங்கிலியும் அறுந்தால் அந்த ஒயர் இழுபட்டு டிராலியின் பிரேக்கைப் பூட்டிவிடும். என்னை மெதுவாக ஓட்டச் சொல்லி, சங்கிலியையும் கொக்கியையும் அவரே விடுவித்தார். பின்னால் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். டிராலி இரண்டு முழத்துக்குள் நின்றுவிட்டது. சக்கரம் சறுக்கிய கோடு என் கை நீளம்கூட இல்லை.

"இத மாட்ட எத்தன நாளாச்சுங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாஞ் சேத்து நாலு நாளுங்க."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொல்லி ஆரோக்கியம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அக்டோபர் 17, வியாழன்

வக்கீல் உமாபதியின் ஆபீஸ். எனக்கும் செங்கோடனுக்கும் அவரே வக்கீல். நான்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

"குற்றத்த ஒத்துக்கட்டும். ஒரே நாள்ல முடிஞ்சிரும். அபராதம், மிஞ்சிப்போனா மூணு மாசம். கேஸ் நடத்துனா வருசக் கணக்குல இழுக்கும். ஒத்துக்கிட்டா உங்களையும் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்.

செங்கோடனுக்கு நல்லது என்றுதான் அவர் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சாயங்காலம் பேளுக்குறிச்சிக்குப் போய்ச் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் செரிங்க" என்றான்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி நேற்று. கோகிலா வடை சுட்டாள். பட்டாசு வாங்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. சாம்பல் நிறம். வெள்ளை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கோயில் முன்னால் நிறுத்தி மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். கோகிலாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். தேங்காயை உடைத்தவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

புது வண்டியில் முதல் வாடகை. ராசிபுரத்தில் கல்யாண மண்டபம், 7 மணி நேரம், டீசல் 60. நானே ஓட்டினேன். கிளம்பும் முன் ஒருமுறை, ஆண்டகளூர்கேட்டில் ஒருமுறை, மண்டபத்துக்கு முன்னால் ஒருமுறை இறங்கிக் கொக்கியையும் சங்கிலியையும் பார்த்தேன். பெண்ணின் அப்பா கவனித்துவிட்டு, "உங்கள மாதிரி சாக்கிரதையான ஆள நான் பாத்ததில்லீங்க" என்றார்.

ஆண்டகளூர்கேட் டீக்கடை நாற்காலியில் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. சாப்பிடாமல் கிளம்பியதால் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் பெண்ணின் அப்பா சொன்னதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இத்தன பாத்துப் பாத்து இந்த வண்டிய ஆருக்குக் காட்டறதுக்கு எடுத்தீங்க?" என்றாள்.

"ஆருக்குக் காட்டணும்? பத்திரமா இருக்கோணும்னுதான்."

"அன்னைக்கு நீங்க போன்ல பேசயில நான் உங்களுக்கு ரசம் ஊத்திக்கிட்டு நின்னேன்" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எதற்கு இதை இப்போது சொல்கிறாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

தெரியும்.

டிசம்பர் 10, செவ்வாய்

நாளை கோர்ட். வக்கீல் போன் செய்து, செங்கோடனை வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொன்னார். அவனையும் சரசுவையும் நானே பிக்கப்பில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சின்ன ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றினேன். ஷெட் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும்.

டிசம்பர் 11, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எட்டரை மணிக்குப் பேளுக்குறிச்சியில் இருவரையும் ஏற்றிக்கொண்டேன். செங்கோடன் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் சரசு, மடியில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு லுங்கி, துண்டு, சோப்பு, பல்பொடி. இன்றைக்கே உள்ளே போக நேர்ந்தால் என்று கட்டி எடுத்து வந்திருக்கிறாள். வழியெல்லாம் செங்கோடன் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான். ஒரே ஒருமுறை, "நல்ல வண்டிங்க" என்றான்.

கோர்ட்டில் வக்கீலின் குமாஸ்தா கையெழுத்து வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் நானும் சரசுவும் மட்டும் நின்றோம். சும்மா நிற்க முடியாமல், "பயப்படாத, இன்னிக்கோட முடிஞ்சிரும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு உங்ககிட்டப் பேசி முடிச்சதும் எனக்குப் போன் பண்ணாருங்கய்யா. டிராலிய விட்டுட்டு வர்றன்னு சொன்னேன், மொதலாளி எறக்கியே ஆகோணும்ங்கறாரு, நீ சாப்புட்டுரு, நான் வர நேரமாகும்னாரு. எனக்கு எல்லாந் தெரியுமுங்க."

"ஏன் சொல்லல?"

"ஆருகிட்டச் சொல்றது? வக்கீலு உங்க வக்கீலு. ஆஸ்பத்திரி நீங்க பாத்தது. அவருதான் சொல்லக் கூடாதுன்னாரு. மொதலாளியக் காட்டிக் குடுத்துட்டு இந்த ஊர்ல எவன் வண்டி தருவான்னாரு." பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "அந்த மலைக்காரம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போச்சுங்களே. எம்புருசன் மேல தப்பில்லம்மான்னு சொல்ல வாய் வந்துச்சுங்க. முழுங்கிட்டு பஸ்ஸேறுனேன்."

உள்ளே கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். குற்றச்சாட்டைப் படித்தார்கள். அதிவேகம், கவனக்குறைவு, மரணம். செங்கோடன் கும்பிடப் பார்த்தான். வலது கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. இடது கையை அதனிடம் இறக்கிக் கீழேயே கும்பிட்டான்.

"குற்றத்த ஒத்துக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார்.

செங்கோடன் திரும்பி என்னைப் பார்த்தான். உத்தரவு கேட்பது போல. பதினொரு வருடமாக ஒவ்வொரு ஊருக்கும் கிளம்பும் முன் ஷெட் வாசலில் நின்று அப்படித்தான் பார்ப்பான். நான் தலையசைத்தால் கிளம்புவான்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது தெரியும், எப்படிப் பேச ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"அம்மா, அவன் மேல தப்பில்லீங்க."

யாரோ உட்காரச் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். "நீங்க யாரு?"

"வண்டி ஓனருங்க. நல்லசிவம். மேல இருந்து ஒண்ணு பத்துக்கு எனக்குப் போன் பண்ணான். கொக்கி ஆடுது, டிராலிய கோயில்லயே விட்டுட்டு வர்றேன், நாளைக்கு வெல்டர கூட்டிக்கிட்டு வந்து எறக்கிக்கலாம்னான். சாயங்காலம் ராசிபுரத்துல ஒரு கட்சிக் கூட்டத்துக்கு ஜெனரேட்டர் ஒத்துக்கிட்டிருந்தேன். மெதுவா எறக்கிக் கொண்டாந்துருன்னு நாந்தாங்க சொன்னேன். கொக்கிய மாத்தச் சொல்லி மார்ச்சுலருந்து கேட்டுக்கிட்டே இருந்தான். டைரில எழுதியிருக்கறனுங்க. போலீஸ்ல நான் சொன்னது பொய்ங்க."

உமாபதி என் கையைப் பிடித்து இழுத்தார். மாஜிஸ்திரேட் செங்கோடனிடம் கேட்டார். "இவர் சொல்றது உண்மையா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான். சத்தமே வரவில்லை. இரண்டாவது முறை சொல்லச் சொன்னார்.

ஒத்துக்கொண்டதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் சொன்னதை எழுத்து மூலம் போலீஸில் கொடுக்க வேண்டும், மேற்கொண்டு அவர்கள் விசாரிக்கட்டும் என்றார். வழக்கு ஜனவரிக்குப் போனது.

வெளியே வந்ததும் உமாபதி, "இனி நீங்களும் குற்றவாளி. வேற வக்கீலப் பாத்துக்கங்க, ரெண்டு பேருக்கும் நான் நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கோடன் அழுவான், அல்லது என் கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் அவன் பக்கத்தில் போனேன்.

"எதுக்கு மொதலாளி?" என்றான். கோபத்தில் அவனை நான் பார்த்ததே இல்லை. "இன்னிக்கு முடிஞ்சிருக்குமுங்க. மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்து எதாச்சும் வேல பாத்திருப்பேன். இப்ப எத்தன வருசம் இந்த வாசல்ல வந்து நிப்பேன்? சொல்றதா இருந்தா ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கோணும். இப்பச் சொல்லி உங்க மனசு லேசாயிருச்சு. எனக்கு என்னாச்சு?"

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. உள்ளே பேசி முடித்தபோது எனக்கு லேசாகத்தான் இருந்தது.

"போவட்டும் விடுங்க" என்றாள் சரசு, அவனிடம். "எத்தன வருசம் வேணா போவட்டும். நான் ஞாயித்துக்கெழம மலைக்குப் போறேன். அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வர்றேன்."

வீட்டில் இறக்கிவிடுகிறேன், வண்டியில் ஏறுங்கள் என்றேன். செங்கோடன் ரோட்டைக் கடந்து போய்விட்டான். சரசு மட்டும் கொஞ்சம் நின்று, "வேண்டாங்க, பஸ்ல போயிக்கறோம்" என்றாள். துணிப்பையை அவள்தான் சுமந்துகொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் சொன்னேன். சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் அப்படி உட்கார்ந்தாள்.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் போலீஸ் ஸ்டேஷன். இந்த டைரியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மார்ச், மே, ஜூலைப் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டார்கள். முழுவதும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும், திங்கள்கிழமை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அதுவரை எழுதலாம்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். கொக்கி பழுது என்று எப்போது தெரியும். சங்கிலியை யார் கழற்றச் சொன்னது. உண்மையான எடை என்ன. இரண்டு மணி நேரம் ஆனது. ஏட்டு எழுதி முடித்து, முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், "மெதுவாக இறக்கிக் கொண்டு வா என்று நான் செங்கோடனிடம் சொன்னேன்" என்று வந்தது. கோர்ட்டில் நான் சொன்னது அதுதான்.

"கையெழுத்துப் போடுங்க" என்றார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். போடவில்லை.

"மெதுவாங்கறத எடுத்துருங்க சார். நான் அதச் சொல்லல."

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

"நாலு மணிக்குள்ள ராசிபுரத்துல இருக்கோணும்னு சொன்னேன்."

ஏட்டு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, மேலே நான் சொன்னதை எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து. இரண்டும் போட்டேன்.